கட்டிலுக்குக் கீழே ஒரு வீடு

சரோஜா பின்கதவு வழியாக வந்தாள். எப்போதும் அப்படித்தான் வருவாள். வந்ததும் என் அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை. சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீல நிற ஏர்மெயில் கடிதம் ஒன்றை என் பக்கம் நீட்டினாள்.

"வாசிங்கக்கா."

"உங்க வீட்டு லெட்டரை நான் எதுக்கு வாசிக்கணும்?"

"உங்களாலதான வந்துச்சு. நீங்களே வாசிங்க."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். கோவில்பட்டியிலிருந்து அவளுடைய மாமியார் சொல்லச் சொல்ல, நாத்தனார் எழுதியது. இரண்டு பத்தி நலம் விசாரிப்பு. மழை இல்லை. மூட்டு வலி. அப்புறம் இது:

"உங்கள் கட்டிலுக்குக் கீழே தையல் மெஷின் இருப்பதைப் பத்திரிகையில் பார்த்தோம். எங்களிடம் நீங்கள் சொல்லவில்லை. பரவாயில்லை. மல்லிகா கல்யாணத்தில் தாய்மாமன் சீராக வைக்க நல்லதாகப் போயிற்று. லீவுக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வரவும்."

மல்லிகா அந்த நாத்தனாரின் மகள். அந்தப் பத்திரிகையில் எழுதியது நான். என் பெயர் அச்சில் வந்த முதல் கட்டுரை.

ஜன்னல் ஏசியின் தண்ணீர் வெளியே ஒரு டின்னில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. எதிர் வீட்டுச் சுவர், பேரீச்சை மரம், கொடியில் தொங்கிய பனியன் எல்லாம் பால் ஊற்றிக் கழுவியது போல மங்கலாகத் தெரிந்தன. கடலிலிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில் பஹ்ரைனின் ஈசா டவுன் அப்படித்தான் இருக்கும். உண்மையான ஊர் மாதிரி இருக்காது. யாரோ அரைத்தூக்கத்தில் பார்க்கிற ஊர் மாதிரி இருக்கும்.

"மெஷின் போயிரும்க்கா" என்றாள் சரோஜா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

செங்கல் மேல் கட்டில்

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எழுபதுகளின் நடுவில். என் மகள் அப்போதுதான் அங்கிருந்த இந்தியப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கரூர்க்காரர். பக்கத்து வீட்டில் சரோஜாவும் அவள் கணவர் சுப்பையாவும். அவருக்குப் பவர் ஹவுசில் வேலை.

பஹ்ரைனில் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கட்டிலின் உயரம். ஒவ்வொரு காலுக்கும் கீழே மூன்று செங்கல். உட்கார்ந்தால் கால் தரையில் படாது. எதற்கு? கட்டிலுக்குக் கீழே அட்டைப்பெட்டி நுழைய வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அந்த இரண்டு வருஷமும் வாங்கியதெல்லாம் கீழே போகும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'ஊருக்கு'. "இது என்ன?" என்றால் "ஊருக்கு". முடிந்தது.

'ஊருக்கு' என்று வைத்ததைப் பிரிக்கக் கூடாது. இது பெரிய சட்டம். கம்பெனி டேப் ஒட்டியபடி இருக்க வேண்டும். உள்ளே தெர்மோகோல் கசங்காமல் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துவிட்டால் அது பழைய சாமான். பழைய சாமானைச் சீரில் வைத்தால் சம்பந்தி வீட்டார் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் யாரும் பிரிப்பதில்லை.

என் கட்டிலுக்குக் கீழே பூப்போட்ட டின்னர் செட் தூங்கியது. மேலே நாங்கள் நசுங்கிய அலுமினியத் தட்டில் சாப்பிட்டோம். இஸ்திரிப் பெட்டி கீழே இருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுப்பார். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. யாருக்காக அப்படி வாழ்ந்தோம்? ஊரில் அந்த டின்னர் செட்டில் யாராவது சாப்பிட்டார்களா? என் ஓரகத்தி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. எனக்கும் அது பிடித்திருந்தது. மத்தியானத்தில், மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், அந்த உயரமான கட்டிலில் படுத்திருப்பேன். கீழே ஒரு வீடு முழுவதும் இருப்பது போலத் தோன்றும். ஆட்கள் இல்லாத வீடு. பிளாஸ்க்கில் காபி சூடாக இருக்கிறது. டேப் ரெக்கார்டர் மெதுவாகப் பாடுகிறது. கம்பளிக்கு யாருடைய வாசனையும் இன்னும் வரவில்லை. அந்த வீட்டில் ஒருத்தி நடக்கிறாள். அவள் நான்தான். ஆனால் சமைப்பதில்லை, துவைப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணைத் திறந்தால் ஃபேன் முகத்துக்கு மிக அருகில் சுற்றும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைநகர் மனாமாவுக்குப் போவோம். கடைத்தெருவில் விளக்கு எரியத் தொடங்கும் நேரம். வாசனைக் கட்டை புகையும் வறுத்த ஏலக்காயும் காற்றில் வரும். கண்ணாடிக்குப் பின்னால் கடிகாரங்கள், ரேடியோக்கள், துணி மடிப்புகள். எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவாக நடப்பார்கள். அந்தக் கண்ணாடியில் என் முகம் ஒரு ரேடியோ மேல் விழும். இது வேண்டும் என்று அந்த முகம் சொல்லும். என்ன வேண்டும் என்று அதற்கே தெரியாது. வாங்கி வந்து கீழே தள்ளியதும் அடங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஆரம்பிக்கும்.

தபாலில் வந்த படிப்பு

ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். பம்பாயில் ஒரு பயிற்சி நிலையம், தபாலில் பத்திரிகைத் தொழில் கற்றுத்தருகிறதாம். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"நீ ரிப்போர்ட்டரா? ஈசா டவுன்ல என்ன நியூஸ் இருக்கு? நாயர் வீட்ல மீன் கருகினதா?"

"கருகினா அதையும் எழுதுவேன்."

"எழுது, எழுது. முதல்ல எங்க அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுது."

சேர்ந்தேன். சைக்ளோஸ்டைல் செய்த பாடங்கள் வரும். மை கையில் ஒட்டும். முதல் பயிற்சி, உங்கள் தெருவைப் பற்றி எழுதுங்கள். நான் சூரியன், வானம், தனிமை என்று எழுதித் தள்ளினேன். சிவப்பு மையில் ஒரே வரி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்: 'அழகான சொற்கள். தெரு எங்கே?' அன்றைக்கு நான் குக்கர் அடியைத் தேய்த்த தேய்ப்பில் அது பாதி தேய்ந்துபோனது.

ஆனால் புரிந்தது. யார், எங்கே, எத்தனை, என்ன நிறம். பார்த்ததை எழுது. அடுத்த பயிற்சி, உங்கள் வட்டாரத்தில் மட்டும் உள்ள ஒரு வழக்கம். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. செங்கல் மேல் கட்டில்.

என் கட்டிலைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம். பக்கத்து வீட்டுக் கட்டிலைப் பற்றி எழுதக் கூச்சமே இல்லை. இதைத்தான் பத்திரிகைத் தொழில் என்று அப்போது நினைத்தேன்.

பதினோராவது பெட்டி

சரோஜா எனக்குத் தன் கட்டிலுக்குக் கீழே இருந்ததைக் காட்டியது நான் படிப்பில் சேர்வதற்கு முன்பே. தரையில் மல்லாந்து படுத்தோம் இரண்டு பேரும். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது கொழுந்தனுக்கு, இது அத்தைக்கு, இது மதினிக்கு. பத்துப் பெட்டி. அப்புறம் கையை நீட்டிச் சுவரோரமாக இருந்த ஒன்றைத் தட்டினாள். கையால் சுற்றும் தையல் மெஷின். மர மூடியோடு. சீனாவில் செய்தது. பெட்டி மேல் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள், சின்னச் சின்ன வீடுகள் போல அடுக்கடுக்காக.

"இது யாருக்கு?"

"எனக்கு."

அவள் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஏதோ திருடியதை ஒத்துக்கொள்வது போல.

கல்யாணத்துக்கு முன்பு அவள் தையல் படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கியவள். மாமியார் வீட்டில் ஊராருக்குத் தைத்துக் கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று சொல்லிவிட்டார்கள். பஹ்ரைன் வந்த பிறகு சுப்பையாவை நச்சரித்து மெஷினை வாங்க வைத்தாள். இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்க வேண்டும். அதுதான் அவள் திட்டம். அங்கே அப்போது தையற்காரர்கள் எல்லாம் ஆண்கள். பெண் பிள்ளைகளை அளவெடுக்கக் கூட்டிப்போக அம்மாக்களுக்குச் சங்கடம்.

"பிரிச்சு ஆரம்பிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"இப்பப் பிரிச்சா லீவுக்குப் போற ஆளுக பாத்துட்டுப் போயி ஊர்ல சொல்லிருவாக. இந்த லீவு முடியட்டும்க்கா. மத்த பெட்டி எல்லாம் போயிரும்லா. இது மட்டும் கெடக்கும். வந்த அன்னிக்கே பிரிச்சிருவேன்." கொஞ்சம் நிறுத்தி, "யாருட்டயும் சொல்லிராதிங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. பஹ்ரைனில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அச்சில் போட்டேன்.

பம்பாய்க்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். 'இப்போது தெரு தெரிகிறது' என்று சிவப்பு மையில் பதில் வந்தது. அந்தத் திமிரில் அதையே தமிழில் எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அவள் பெயர் போடவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்கலாம். 'கோவில்பட்டியிலிருந்து வந்த என் பக்கத்து வீட்டுப் பெண்' என்று எழுதினால் போதாதா? கணவருக்குப் பவர் ஹவுசில் வேலை என்று எழுதினேன். பதினோரு பெட்டியையும் வரிசையாக எழுதினேன். கடைசிப் பெட்டியைச் சுவரோரமாக ஒளித்து வைத்திருக்கிறாள் என்றும் எழுதினேன். அந்த வரிதான் கட்டுரையில் நல்ல வரி. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர்ப் பத்திரிகை பஹ்ரைனுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகும். யாராவது லீவிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். அட்டை கிழிந்து, ஊறுகாய் எண்ணெய் பட்டு வரும். அதனால் பத்திரிகை என்பது எங்கோ இருக்கிற ஒன்று, அதைப் படிப்பவர்கள் 'வாசகர்கள்' என்ற தனி ஜாதி என்று எனக்குள் ஒரு நினைப்பு. கோவில்பட்டியில் அது வெளிவந்த நாளே கடையில் தொங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் என் பெயரை அச்சில் பார்ப்பதற்கு முன்பே சரோஜாவின் மாமியார் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். சரோஜா ஊருக்குப் போடும் கடிதம் எல்லாவற்றிலும் 'பக்கத்து வீட்டு வசந்தாக்கா' இருப்பாள். கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

போதும்ங்க

கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். அரிசித் தண்ணீர் பாத்திரத்தில் கலங்கி நின்றது.

"சுப்பையாண்ணன் என்ன சொல்றாரு?"

"என்னத்தச் சொல்ல? அம்மை கேட்டுட்டா, தாய்மாமன் சீருன்னுட்டாவ. இல்லன்னு சொல்ல முடியுமா? 'உனக்கு அடுத்த லீவுக்கு வாங்கித் தாரேன்'ங்காக."

"வாங்கித் தருவாருல்ல?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு இந்தப் பத்திரிக்கப் படிப்ப அடுத்த லீவுக்கு அப்புறம் படின்னா விடுவீங்களாக்கா?"

அவள் எழுந்து போனாள். அதற்கப்புறம் பின்கதவு வழியாக அவள் வரவே இல்லை.

மறுநாள் சுப்பையா டியூட்டி முடிந்து வரும்போது வாசலில் பிடித்தேன். "அண்ணே, நான் உங்கம்மாவுக்கு ஒரு லெட்டர் போடறனுங்க. அது சும்மா கதை, மெஷினே இல்லைன்னு எழுதிடறேன்."

அவர் நல்ல மனிதர். கோபப்படத் தெரியாதவர். சாப்பாட்டுக் கேரியரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "போதும்ங்க, நீங்க எழுதினது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரங்களில்தான் பத்திரிகை என் கைக்கு வந்தது. என் பெயர் கறுப்பாக, தடிமனாக இருந்தது. விரலால் தடவினேன். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷம் அதற்கு முன்பு வந்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடி தூரத்தில் இருந்தது. நான் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். வெயில் தரையில் மெல்ல நகர்ந்து வந்து என் காலைத் தொட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பெட்டி கட்டும் வெள்ளிக்கிழமை

ஒருவர் லீவுக்குப் போகிறார் என்றால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் அந்த வீட்டில் கூடுவார்கள். பெட்டிகளை வெளியே இழுத்து, பழைய பெட்ஷீட்டைச் சுற்றி இறுக்கித் தைத்து, கயிறு போட்டுக் கட்டுவார்கள். பம்பாயில் பெட்டிகளைத் தூக்கி எறிவார்கள் என்ற பயம். துணி மேல் பெயரும் விலாசமும் எழுத என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். பஹ்ரைனிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போன பாதிப் பெட்டிகள் அவர் எழுதியவை.

அவர் பிரஷ்ஷையும் கறுப்பு மையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "நீயும் வா. வரலைன்னா அசிங்கம்" என்றார். போனேன். என்னை யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கட்டில் சுவரோடு தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பதினோரு பெட்டியும் ஹாலில். சுப்பையாவும் நான்கைந்து ஆண்களும். துரைராஜ் என்று ஒரு பையன், வெல்டர், அதே ஃபிளைட்டில் போகிறவன். கோணி ஊசியால் முதல் பெட்டிக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தான்.

"யல்லா, யல்லா. இந்த வேகத்துல தச்சா ஃபிளைட்டு என்னைய விட்டுட்டுப் போயிரும்" என்றான். ஊசி விரலில் குத்தியது. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊருக்குப் போயி சூப்பர்வைசர்னு சொல்லப்போற. ஊசி பிடிக்கத் தெரியல" என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

சரோஜா டீ கொண்டுவந்தாள். எனக்கும் வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். அவள் தட்டைக் கீழே வைத்தாள். துணிக்காகக் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். பதினோராவது பெட்டி முன்னால் உட்கார்ந்து டேப்பை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

அந்தச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏ சரோஜா, என்ன செய்த?" என்றார் சுப்பையா.

"தைக்கணும்லா? பதினோரு பெட்டிக்கு ஊசியால எப்பத் தச்சு முடிக்க? வீட்டுல மெஷின வச்சிக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்?"

தெர்மோகோலை உருவி எறிந்தாள். மர மூடியைத் திறந்தாள். எண்ணெய் வாசனை அறை முழுக்க வந்தது. மெஷின் கறுப்பாக, தங்கப் பூக்களோடு மினுங்கியது. உள்ளே ஒரு சின்னப் பொட்டலத்தில் இருந்த பாபினை எடுத்து நூல் சுற்றினாள். இரண்டு வருஷம் பிரிக்காமல் வைத்திருந்தவள் மாதிரியே இல்லை. நேற்றுத்தான் தைத்து முடித்து மூடி வைத்தவள் மாதிரி கை நகர்ந்தது.

பெட்ஷீட்டை நாலாக மடித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். தடித்த துணி. அதை நகர்த்த இரண்டு கையும் வேண்டும். சக்கரத்தைச் சுற்ற ஆள் இல்லை. சுப்பையாவைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. மற்ற ஆண்கள் டீ கிளாசைப் பார்த்தார்கள்.

"நீங்க வாங்க. வந்து சுத்துங்க" என்றாள் துணியைப் பார்த்துக்கொண்டே.

என்னைத்தான் சொன்னாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைப்பிடி குளிர்ச்சியாக இருந்தது. சுற்றினேன். முதலில் சிக்கியது. "மெல்ல" என்றாள். அப்புறம் ஓடியது. மழை தகரத்தில் விழுவது போல ஒரு சத்தம். ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதந்தது. நான் சுற்றச் சுற்ற அவள் துணியை நகர்த்திக்கொண்டே போனாள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்துபோய், அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கனவில் கேட்பது போல இருந்தது. பத்து உறை தைத்தோம்.

துரைராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். பெட்டியையும் கிழிந்த டேப்பையும் பார்த்தான். "கலாஸ், முடிஞ்சுது அண்ணே. பிரிச்சாச்சு. தச்சும் ஆச்சு. இத எப்பிடி சீருல வைப்பீங்க? மாப்பிள்ள வீட்டுல கேவலமாயிரும்லா."

சுப்பையா மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மர மூடியில் கீறல் விழுந்திருந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்தார். போகவில்லை.

"இந்தப் பத்துல இருக்க மிக்சிய சீருக்கு வச்சிருவோம்" என்றார் கடைசியில். என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "நீங்க பத்துப் பெட்டிக்கு மட்டும் எழுதுங்க சார்."

என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை மையில் தோய்த்தார்.

நான் எழுந்து கிளம்பும்போது சரோஜா வாசல்வரை வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் கேட்க விடவில்லை.

"நீங்க எழுதுறத நிறுத்தாதிங்கக்கா" என்றாள். "நல்லா எழுதியிருந்தீக. எங்க வீட்டுக்காரக வாசிச்சுக் காட்டுனாக. எம் மனசுல இருந்தத அப்படியே எழுதியிருந்தீக." கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா எங்க வீட்டுக்குள்ள இனிம வராதிங்க."

லீவு முடிந்து வந்ததும் அவள் தைக்க ஆரம்பித்தாள். பள்ளியில் பாதிப் பெண் பிள்ளைகள் அவள் தைத்த யூனிஃபார்ம்தான் போட்டார்கள். என் மகளுக்கும் அவள்தான் தைத்தாள். தோள் இறங்காது, மடிப்புக் கலையாது. நான் படிப்பை முடித்தேன். பத்திரிகைகளுக்கு எழுதினேன். அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, இந்த வாரம்வரை.

ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். பள்ளி திறக்கும் முன்பு துணியை எடுத்துக்கொண்டு மகளோடு போவேன். அளவு கொடுக்க மகள் உள்ளே போவாள். நான் வெளியே வெயிலில் நிற்பேன்.